ஒரு பன்தானே பாஸ்!

கல்யாண சீசன். சிங்காநல்லூரில் திருச்சி ரோட்டுப் பக்கம் ஏதோ ஒரு மண்டபம்னு வெச்சுக்குவோம். பேண்ட் செட் காதைக் கிழிக்க, மாப்பிள்ளை இறங்கி உள்ளே போயாச்சு. வாசலில் சாரட்டு வண்டி. பூட்டின வெள்ளைக் குதிரை தலையை ஆட்டிக்கிட்டு நிக்குது. பஸ் ஸ்டாண்டுக்குப் போற வழியில் நாலு காலேஜ் பசங்க அதைப் பார்க்கிறாங்க.

‘பாவம்டா, எவ்வளவு நேரமா நிக்குதோ!’

கோவையில் பேக்கரிக்கா பஞ்சம்? ஒருத்தர் ஓடிப்போய் ஒரு பன் வாங்கி வர்றார். இன்னொருத்தர் செல்போனைத் தூக்குறார். குதிரை லபக்குன்னு முழுங்குது. சிரிப்பு, செல்ஃபி, ஸ்டேட்டஸ். மேட்டர் ஓவர்.

உங்களுக்கு ஓவர். குதிரைக்கு?

பசுவைக் கண்டால் அகத்திக்கீரை, காக்காவுக்குச் சோறு, எறும்புக்கு அரிசி மாவுக் கோலம் என்று வளர்ந்தவர்கள் நாம். வாயில்லா ஜீவனுக்கு ஏதாவது கொடுக்கணும் என்று கை தானாகவே நீளும். நல்ல கைதான். ஆனால் அடுத்தவர் குதிரை என்று வரும்போது, அந்தக் கையைக் கொஞ்சம் பாக்கெட்டிலேயே வைத்திருப்பதுதான் புண்ணியம். ஏன் என்று பார்க்கலாமா?

வாந்தி வராத ஜீவன்

நமக்கு மாட்டைத் தெரியும். குதிரையைத் தெரியாது. குழப்பமே இங்கேதான் ஆரம்பம். இரண்டும் புல் தின்னும், இரண்டும் வண்டி இழுக்கும். அதனால் இரண்டின் வயிறும் ஒண்ணுதான் என்று நினைத்துவிடுகிறோம்.

மாட்டுக்கு நாலு அறை வயிறு. முதல் அறையே 100 லிட்டர் அளவுக்குப் பெரிய அண்டா. தின்றதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து நிதானமாக அசை போடும். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. 400 கிலோ, 500 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு, இரைப்பை மட்டும் வெறும் 8 முதல் 15 லிட்டர்தான். அதனால்தான் இயற்கையில் குதிரை ஒரு நாளில் 16 மணி நேரம் வரை கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு விஷயம்தான் பலருக்கும் தெரியாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் இருக்கிற தசை வளையம் அவ்வளவு இறுக்கம். உள்ளே போகலாம், வெளியே வர வழியில்லை. சுத்தமான ஒன் வே! ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கலைன்னா நாம் வாந்தி எடுத்துட்டு மறுநாள் கிரிக்கெட் ஆடப் போயிடுவோம். குதிரைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பழக்கமில்லாத தீனி அளவுக்கு மேலே போனால் வருவது ‘கோலிக்’ என்கிற வயிற்றுவலி. குதிரை முன்னங்காலால் தரையைத் தோண்டும், வயிற்றுப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்க்கும், வியர்த்துக் கொட்டும், கீழே விழுந்து உருளும். சில சமயம் மருந்திலேயே சரியாகும். குடல் முறுக்கிக்கொண்டால் ஆபரேஷன்தான் வழி. உலகம் முழுக்கக் குதிரைகளைச் சாகடிக்கிற முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று.

மாவும் சர்க்கரையும் இன்னொரு வில்லன். சின்ன வயிற்றில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய், அங்கே புல்லைச் செரிக்க வைக்கிற நுண்ணுயிர்களின் வேலையைக் கெடுத்துவிடும். அதன் விளைவு காலில் தெரியும். ஆமாம், காலில்! குளம்புக்குள் வீக்கம் வந்து, நிற்பதே வேதனையாகிவிடும். ‘லாமினைட்டிஸ்’ என்பார்கள். நின்றால்தானே குதிரை?

மார்க்கோ போலோ பார்த்த கூத்து

இந்தக் கதை நமக்கு ஒண்ணும் புதுசில்லை. 700 வருஷத்துக்கு முன்னாடியே தமிழ்நாடு இதில் ஒரு பெரிய பாடம் படித்திருக்கிறது.

பாண்டியர் காலத்தில் அரேபியா, பாரசீகம் பக்கமிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கின. மாணிக்கவாசகர் கதையில் பாண்டிய மன்னன் பணம் கொடுத்து அனுப்பியதே குதிரை வாங்கத்தான். நரி பரியான கதை எல்லோருக்கும் தெரியும். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டு ராஜாக்கள் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார்கள், வருஷக் கடைசியில் நூறு கூடத் தேறுவதில்லை என்று எழுதினார். பயணிகள் கொஞ்சம் ஏற்றித்தான் சொல்வார்கள். பாதியைத் தள்ளிவிட்டாலும் பயங்கரம்தான்.

ஏன் செத்தன? பராமரிக்கத் தெரியவில்லை என்கிறார் போலோ. என்ன கொடுத்தார்கள் தெரியுமா? அரிசிச் சோற்றோடு வேகவைத்த கறி! அதாவது குதிரைக்கு பிரியாணி. ஏறக்குறைய அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், வறுத்த பார்லி, நெய் சேர்த்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால் என்று ஒரு மெனுவே தருகிறார்.

யோசித்துப் பாருங்கள். தங்கத்தைக் கொட்டி வாங்கிய குதிரையைக் கொல்லணும் என்று எந்த ராஜாவாவது நினைப்பானா? சோறும் கறியும் நெய்யும் பாலும் விருந்தாளிக்கு வைக்கிற சாப்பாடு. பாசத்தில் குறையே இல்லை. குதிரைக்கு என்ன வேணும் என்பது மட்டும்தான் தெரியவில்லை. நம் கையில் இருக்கிற பன்னுக்கும் அந்தக் கறிச்சோற்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை பாஸ்.

கணக்கு யாருகிட்ட?

‘ஒரே ஒரு பன்னில் குதிரை செத்துடுமா?’ நியாயமான கேள்வி. பெரும்பாலும் சாகாது. ஆனால் மண்டபத்துக்கு வந்தது நீங்கள் ஒருத்தர் மட்டுமா? 400 பேர். அதில் 20 பேருக்கு இரக்கம் வந்தால் போதும். ஒரு சின்னப் பையன் லட்டு, ஒரு பாட்டி வாழைப்பழம், ஒரு மாமா வெல்லம், நீங்கள் பன். ஒவ்வொருத்தருக்கும் அது ‘ஒண்ணே ஒண்ணு’. குதிரைக்கு அது இருபது. நீங்கள் கொடுக்கும்போது அதற்கு முன்னால் யார் என்ன கொடுத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

அந்தக் கணக்கு தெரிந்த ஒரே ஆள் குதிரைக்காரர். காலையில் என்ன வைத்தோம், தண்ணி எப்போ குடிச்சது, போன மாசம் எதைத் தின்று வயிறு உப்பியது, பல்லில் என்ன கோளாறு, என்ன மருந்து ஓடுது... எல்லாம் அவருக்குத்தான் தெரியும். ராத்திரி 2 மணிக்குக் குதிரை உருண்டால், டாக்டரைத் தேடி ஓடப்போவதும் அவர்தான். கொடுத்த நீங்கள் அப்போது மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். அவருக்கு அந்தக் குதிரைதான் சோறு போடுகிற முதலாளி. அது படுத்தால் அவர் வீட்டு அடுப்பும் படுத்துவிடும்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டு அக்கா மடியில் இருக்கிற குழந்தை வாயில், அக்காவைக் கேட்காமல் லட்டைத் திணிப்போமா? மாட்டோம்தானே! அதே ரூல்தான் இங்கேயும்.

இது கோவைக்கு மட்டுமான பிரச்னையும் இல்லை. பிரிட்டனில் வேலிக்குள் மேய்கிற குதிரைகளுக்கு வாக்கிங் போகிறவர்கள் ரொட்டியும் ஆப்பிளும் போடுவது பெரிய தலைவலி. ‘தயவுசெய்து குதிரைக்கு எதுவும் கொடுக்காதீர்கள்’ என்று போர்டு வைக்கிறார்கள். ‘பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி’ அமைப்பும் இதைப் பற்றித் தொடர்ந்து எச்சரித்து வருகிறது.

எது எது டேஞ்சர்?

பன், பிரெட்: மென்றால் மாவு உருண்டையாகித் தொண்டைக்குழாயை அடைக்கும். மூக்கு வழியாகத் தீனியும் எச்சிலும் வழியும். பூஞ்சை பிடித்த பழைய பிரெட் இன்னும் மோசம்.

முழு ஆப்பிள், வட்டமாக நறுக்கிய கேரட்: இதுவும் தொண்டையில் சிக்கும். கேரட் நல்லதுதான், நீளவாக்கில் நறுக்கணும்.

வெங்காயம்: ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

மிஷினில் வெட்டிய புல்வெளிப் புல்: ‘புல்தானே’ என்று நினைக்காதீர்கள். குவித்து வைத்தால் சூடேறிப் புளிக்கும். மெல்லாமல் அவசரமாக விழுங்கியும்விடும்.

அரளி: நம்ம ஊரில் ரொம்ப முக்கியமானது இதுதான். ஹைவே நடுவில் வரிசையாகப் பூத்து நிற்குமே, அதே அரளி. இலை, பூ, தண்டு எல்லாமே விஷம், இதயத்தையே நிறுத்திவிடும். கோயில் மாலையில் அரளிப்பூ இருக்கும். ‘சாமி மாலை, ஜீவன் தின்னட்டும்’ என்று மாலையை வாயருகே நீட்டவே நீட்டாதீர்கள். மாட்டுக்கும் அதேதான்.

‘அப்போ பட்டினி கிடந்தா?’

இதுதான் கஷ்டமான கேள்வி. விலா எலும்பு எண்ணுகிற மாதிரி ஒரு குதிரை ரோட்டோரம் குப்பையைக் கிளறுகிறது. பக்கத்தில் யாரும் இல்லை. ‘யாரைக் கேட்கிறது?’ என்று நீங்கள் கோபப்படுவது சரிதான். ஊட்டி டூர் போனவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். சவாரி இல்லாத நேரத்தில் அவிழ்த்து விடப்பட்ட குதிரைகள் மார்க்கெட் கழிவையும் பிளாஸ்டிக் கவரையும் சேர்த்து மெல்லும். கோவைத் தெருக்களிலும் திரியும் குதிரைகளைப் பற்றி அவ்வப்போது புகார் கிளம்பும்.

அங்கேயும் பன் தீர்வு ஆகாது. பட்டினி கிடந்த வயிற்றில் திடீரென்று மாவும் இனிப்பும் போவது, நல்லா இருக்கிற குதிரைக்கு ஆவதைவிட ஆபத்து. ரோட்டில் ஊட்டி ஊட்டிப் பழக்கினால், வண்டியைக் கண்டால் சாப்பாடு என்று ஓடி வரும். வால்பாறை ரோட்டுக் குரங்குகளுக்கு நாம் சிப்ஸ் போட்டுச் சொல்லிக்கொடுத்த அதே பாடம். அப்புறம் பைக்கில் வருகிறவருக்கும் ஆபத்து, குதிரைக்கும் ஆபத்து.

முக்கியமாக, நீங்கள் போடுகிற பன் உரிமையாளரைத் தப்பிக்கவிடுகிறது. சொந்த விலங்குக்குப் போதிய தீனியும் தண்ணியும் இடமும் கொடுக்காமல் இருப்பதும், பட்டினியில் வாடும்படி கைவிடுவதும் 1960-ம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். போட்டோ எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மாநகராட்சிக்கோ போலீஸுக்கோ சொல்லுங்கள். அடிபட்டோ படுத்தோ கிடந்தால் 1962-க்கு அடியுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர். செல்ஃபிக்கு எடுத்த போனை இதற்கும் எடுக்கலாமே!

உரிமையாளரே வழியில்லாமல் தவித்தால்? 2021 ஊரடங்கில் தெரு நாய்களோடு சேர்த்துக் குதிரைகளுக்கும் தீனி போடத் தமிழக அரசே நிதி ஒதுக்கியது. அதே வழிதான் நமக்கும். நாலு பேர் சேர்ந்து ஒரு மூட்டை கொள்ளோ, ஒரு கட்டுப் புல்லோ வாங்கிக் குதிரைக்காரர் கையில் கொடுங்கள். எப்போது, எவ்வளவு, எப்படி ஊறவைத்து வைக்கணும் என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

கேட்டுட்டுக் குடுங்க!

மொத்த மேட்டரும் ஒரு வரிதான்: ‘ஏனுங்ணா, இதுக்கு ஏதாச்சும் குடுக்கலாமுங்ளா?’

‘வேண்டாம் தம்பி’ என்றால் விட்டுடுங்கள். காரணம் கேட்டு கலாய்க்க வேண்டாம். ‘குடுங்க’ என்றால், எது, எவ்வளவு என்பதையும் அவரே சொல்லட்டும். நேர் முன்னால் போய் நிற்காமல் தோள் பக்கமாக நில்லுங்கள். பின்னங்கால் பக்கம் போகவே வேண்டாம். உள்ளங்கையை விரித்து, கட்டை விரலை ஒட்டி வைத்து, அதன் மேல் தீனியை வையுங்கள். குதிரைக்குத் தன் வாய்க்கு நேர் கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. கேரட் எது, விரல் எது என்று உதட்டால்தான் தடவிப் பார்க்கும். தப்பாகப் பார்த்தால் நஷ்டம் உங்களுக்கு!

குதிரைப் பைத்தியம் ரொம்ப முத்திப் போச்சா? ஆடி மாசம் ஈரோடு மாவட்டம் அந்தியூருக்கு பஸ் ஏறுங்கள். குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் சந்தைக்குக் கத்தியவார், மார்வாரி என்று விதவிதமான குதிரைகள் வரும். வெறும் கையோடு போங்கள். குதிரை வளர்க்கிறவர்களிடம் ‘இதுக்கு என்னங்ணா வைக்கிறீங்க?’ என்று ஆரம்பித்துப் பாருங்கள். பாண்டிய ராஜாக்களுக்குக் கிடைக்காத பாடம் உங்களுக்கு ஃப்ரீயாகக் கிடைக்கும்.