உங்க ஹீரோவுக்கு என்ன குறை?

மூணு டைஸ் எடுங்க. லூடோ டப்பாவில் இருக்கிற சாதா டைஸ் போதும். மூணையும் உருட்டி, வந்ததைக் கூட்டி ஒரு பேப்பர்ல எழுதுங்க. அதே மாதிரி இன்னும் அஞ்சு தடவை. ஆறு எண் ஆச்சா? வாழ்த்துகள் பாஸ்... உங்க ஹீரோ பிறந்துட்டார்!

அந்த ஆறும் வரிசையா பலம், புத்தி, விவேகம், தெம்பு, சுறுசுறுப்பு, வசீகரம். 3-ல் இருந்து 18 வரை எது வேணா வரலாம். 'பலத்துக்கு 5 வந்திருக்கே, புத்தியோட மாத்திக்கலாமா?'னு கேட்டா... ம்ஹூம்! தலையெழுத்து தலையெழுத்துதான்.

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து கொண்டுவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இப்படித்தான் ஆரம்பிச்சது. ஸ்க்ரீன் கிடையாது, ஜாய்ஸ்டிக் கிடையாது. மேஜையைச் சுத்தி நாலஞ்சு பேர். ஒருத்தர் கதையை நடத்துவார், மத்தவங்க ஆளுக்கொரு கேரக்டரா மாறி குகைக்குள்ள போவாங்க, பூதத்தோட சண்டை போடுவாங்க. அந்தக் கேரக்டரை எப்படிச் செதுக்குறதுங்கிறதில் 50 வருஷமா நடந்திருக்கிற மாற்றம் இருக்கே... அதுதான் செம இன்ட்ரஸ்டிங்!

பிறப்பே எல்லாம்!

முதல் பதிப்பில் மூணே தொழில்தான்: போர்வீரன், மந்திரவாதி, பூசாரி. டைஸை உருட்டுறதும் நீங்க இல்லை, நடுவர்! ஹாபிட்டா பிறந்தா போர்வீரனா மட்டும்தான் ஆகலாம். அதுவும் நாலாவது லெவலோட ஸ்டாப். குள்ளர் இனத்தில் பிறந்தவருக்கு மந்திரவாதி ஆகிற வாய்ப்பே இல்லை. எவ்வளவு புத்தி இருந்தாலும் சரி!

1978-ல் வந்த புது விதிப்புத்தகம் இன்னும் ஒரு படி மேலே போச்சு. பெண் கேரக்டரோட பலத்துக்கு, ஆண் கேரக்டரைவிடக் குறைவான உச்சவரம்பு. டிராகன் நெருப்பு கக்கலாம்... ஆனா ஒரு பொண்ணு அளவுக்கு மீறி பலசாலியா இருக்கக் கூடாதாம். என்ன லாஜிக்கோ! 1989-ல் வந்த ரெண்டாம் பதிப்பில்தான் அந்த விதி போச்சு. குள்ளர் மந்திரவாதி ஆகிறதுக்கு 2000-ல் மூணாம் பதிப்பு வர வேண்டியிருந்தது. யார் வேணா என்ன தொழில் வேணா செய்யலாம்னு அப்போதான் கதவைத் திறந்தாங்க.

நாலாவது டைஸ்

இதுக்கு நடுவுல 1979-ல் ஒரு குட்டிப் புரட்சி. மூணு டைஸுக்குப் பதிலா நாலு உருட்டு, சின்னதைத் தூக்கிப் போடு, மிச்சம் மூணைக் கூட்டு. வந்த எண்களை உனக்குப் பிடிச்ச இடத்தில் வெச்சுக்கோ!

நாலாவது செமஸ்டர் ப்ராபபிலிட்டி பேப்பரைப் பார்த்து நடுங்குறவங்க இதைப் போட்டுப் பார்க்கலாம். மூணு டைஸில் 18 வர்ற வாய்ப்பு 216-க்கு 1. நாலு உருட்டினா 1,296-க்கு 21, அதாவது மூணரை மடங்கு. சராசரியும் 10.5-ல் இருந்து 12.24-க்கு ஏறிடும். ஒரே ஒரு டைஸ்... தலையெழுத்தே மாறிடுச்சு!

அப்புறம் வந்தவங்க கேரக்டர் செய்யறதுக்கு டைஸே வேண்டாம்னுட்டாங்க. 1981-ல் 'சாம்பியன்ஸ்', 1986-ல் 'கர்ப்ஸ்'. ரெண்டும் வேற வேற விளையாட்டு, ஆனா ஐடியா ஒண்ணுதான். கையில் இவ்வளவு பாயின்ட், வேணுங்கிற திறமையைக் கடையில் வாங்குற மாதிரி வாங்கிக்கோ. பாயின்ட் பத்தலையா? ஒரு குறையை ஏத்துக்கோ, கூடுதல் பாயின்ட் தர்றோம்! ஒத்தைக் கண், கோழைத்தனம்னு போகிற 'கர்ப்ஸ்' பட்டியலில் நேர்மையும் ஒரு குறைதான். பொய் சொல்லாம எப்படிப் பிழைக்கிறதுனு யோசிச்சிருப்பாங்க போல!

27 ரூபா பட்ஜெட்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் டைஸ் வேண்டாம்னு நினைக்கிறவங்களுக்கு 27 பாயின்ட் உண்டு. எல்லா எண்ணும் 8-ல் ஆரம்பிக்கும். 13 வரைக்கும் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாயின்ட். 14-க்கும் 15-க்கும் படிக்கு ரெண்டு. அதனால 15-க்கு மொத்தம் 9 ஆகும். மூணு விஷயத்தில் 15 வாங்கினா காசு காலி. மத்த மூணும் 8-லேயே நிக்கும். அதாவது, எல்லாத்திலேயும் சூப்பர்மேன் ஆகிறது இங்கே நடக்காத காரியம்.

ஆனா 8-ஐப் பார்த்துப் பயப்படாதீங்க. 10 இருக்கிறவருக்கும் 8 இருக்கிறவருக்கும், 20 பக்க டைஸ் உருட்டும்போது ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். வெறும் அஞ்சு சதவிகிதம்! நஷ்டம் கம்மி, கதைக்கு லாபம் ஜாஸ்தி. வாயைத் திறந்தாலே சொதப்புற மந்திரவாதியும், வழி தெரியாம சுத்துற பலசாலியும் சேர்ந்து போனாத்தானே கலாட்டா?

இந்தப் பதிப்பில் கேரக்டருக்கு லட்சியம், பாசம் மாதிரி ஒரு பலவீனமும் எழுதிக்கணும். 'என் ஆளு தங்கத்தைப் பார்த்தா நிதானம் இழந்துடுவார்'னு எழுதிட்டு, ஆபத்தான நேரத்தில் நிஜமாவே அப்படி நடிச்சீங்கன்னா, கதை நடத்துறவர் உங்களுக்கு ஒரு பரிசு தரலாம். அவசரத்துக்கு ரெண்டு டைஸ் உருட்டி பெரியதை எடுத்துக்கிற உரிமை. குறையை ஒளிச்சா ஒண்ணும் இல்லை, வெளியே காட்டினா போனஸ்!

எங்கே பிறந்தாய்? என்ன செய்தாய்?

2014-லயும் ஒரு பழைய மிச்சம் இருந்தது. பிறந்த இனத்தைப் பொறுத்து சில எண்கள் தானா ஏறும். அந்த ஏற்றத்தை எங்கே வேணா வெச்சுக்கலாம்னு 2020-ல் ஒரு துணைப் புத்தகம் சொல்லிச்சு. 2024 புத்தகத்தில் பிறப்புக்கும் எண்ணுக்கும் இருந்த தொடர்பையே வெட்டிட்டாங்க. சாகசத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி நீங்க விவசாயியா, சிப்பாயா, திருடனா? எண் ஏறுறது அதைப் பொறுத்துத்தான்.

'எல்லாருமே எல்லாமும் ஆகலாம்னா, இனத்துக்கு இனம் என்ன வித்தியாசம்?'னு சில பழைய ஆட்டக்காரங்க கேட்கிறாங்க. கேள்வி நியாயம்தான். ஆனா வித்தியாசத்தைப் பிறந்த இடத்தில்தான் தேடணுமா? நீங்க தேர்ந்தெடுத்த 15-லயும், தைரியமா விட்டுக்கொடுத்த 8-லயும் அது தாராளமா கிடைக்குமே!

ஸோ, இந்த வீக் எண்ட் நாலு ஃப்ரெண்ட்ஸ், ஒரு பென்சில், கொஞ்சம் பேப்பர். அடிப்படை விதிகள் நெட்ல இலவசமாவே கிடைக்குது. கேரக்டர் செய்யும்போது முதல்ல 15-ஐ எழுதாதீங்க. 8 எதுன்னு முடிவு பண்ணுங்க, மீதிக் கதை தானா வரும்.

ஃபைனல் இயர் மக்களே... கேம்பஸ் இன்டர்வியூவில் 'உங்க வீக்னஸ் என்ன?'னு கேட்டா, 'ரொம்ப பெர்ஃபெக்‌ஷன் பார்ப்பேன் சார்'னு இன்னும் எத்தனை நாள் ரீல் விடுவீங்க? உங்க 8 எதுன்னு இங்கேயே யோசிச்சுப் பழகிக்கோங்க!