லிமெரிக் நகரத்துக் குரல்

1996-ஆம் ஆண்டில், ஆசிரியனாக இருந்த நான், விடுதி மாணவன் ஒருவனிடமிருந்து ஓர் ஒலிநாடாவைப் பறித்து வைத்துக்கொண்டேன். தேர்வு நெருங்கும் காலத்தில் மேனாட்டு இரைச்சலைக் கேட்கிறானே என்ற சினம். அன்றிரவு, குற்றத்தை விசாரிக்கும் நீதிபதிபோல, அதை நானே போட்டுக் கேட்டேன். இரைச்சல்தான், ஆயினும் அதன் நடுவே ஒரு பெண்ணின் அழுகை கேட்டது. மறுநாள் நாடாவைத் திருப்பிக் கொடுத்து, "இந்தப் பெண் யாருக்காக அழுகிறாள்?" என்றேன். அவனுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பின்னர் தேடி அறிந்ததையே இன்று சொல்ல வந்தேன்.

பெருவணிகத்தின் சுவைக்கு அடங்காமல், சிறு நிறுவனங்களின் ஆதரவிலும் கல்லூரி வானொலிகளின் துணையிலும் வளர்ந்தது மாற்று ராக் இசை. மின்கிதாரும் முரசும் அதன் உயிர். 1990-களில் அத்தகைய குழுக்கள் பலவற்றுக்குப் பெண்களே தலைமை தாங்கினர். அமெரிக்காவின் ஒலிம்பியா நகரில் தோன்றிய 'பிகினி கில்' குழுவின் காத்லீன் ஹன்னா, ஆண்களின் நெரிசலில் பின்தள்ளப்பட்ட பெண்களை மேடையருகே வருமாறு அழைப்பாராம்.

நான் கேட்ட குரல் அயர்லாந்தைச் சேர்ந்தது. லிமெரிக் நகரில் 1989-இல் இளைஞர் சிலர் தொடங்கிய குழுவிலிருந்து பாடகர் விலகவே, அடுத்த ஆண்டில் டொலோரெஸ் ஓ'ரியோர்டன் வந்து சேர்ந்தார். இருபது வயதும் நிரம்பாத கிராமத்துப் பெண். அவர்கள் கொடுத்த மெட்டை வீட்டுக்கு எடுத்துச் சென்றவர், சொற்களுடன் திரும்பினார். 'கிரான்பெர்ரீஸ்' என்னும் அக்குழு விரைவில் உலகப் புகழ் பெற்றது.

1993 மார்ச் 20-ஆம் நாள், இங்கிலாந்தின் வாரிங்டன் நகரக் கடைத்தெருவில், குப்பைத் தொட்டிகளில் ஐரிஷ் குடியரசுப் படையினர் வைத்த குண்டுகள் வெடித்தன. மூன்று வயதும் பன்னிரண்டு வயதுமான இரு சிறுவர் மாண்டனர். அச்செய்தி டொலோரெஸின் நெஞ்சை உலுக்கியது. அவர் தனியே அமர்ந்து இயற்றிய பாட்டே 1994-இல் வெளிவந்த 'ஸாம்பி'. நம் மொழியில் 'நடைப்பிணம்' எனலாம். அதற்குமுன் மென்மையாகப் பாடிய குழு, இதில் கிதார்களை உறுமச் செய்தது. அவர் குரலோ திடீரென உடைந்து உச்சிக்குத் தாவும். பிணத்தின் அருகே அமர்ந்து ஐரிஷ் மகளிர் பாடிய பழைய ஒப்பாரியின் சாயலை அதில் பலர் கேட்டனர்.

பாட்டை எதிர்த்தோரும் உண்டு. 1998-இல் உடன்பாடு ஏற்படும்வரை வட அயர்லாந்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டிருந்தனர். அவர்களுள் குழந்தைகளும் பலர். "எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் பாட்டில்லை?" என்பது அங்குச் சிலருடைய மனக்குறை. 2018 ஜனவரியில், தம் 46-ஆம் வயதில், டொலோரெஸ் இலண்டனில் காலமானார். 2023-இல் உலகக் கோப்பை ரக்பி ஆட்டத்தின்போது ஐரிஷ் மக்கள் இப்பாட்டை ஒருங்கே பாடியபொழுது, அந்தப் பழைய வழக்கு மீண்டும் எழுந்தது. அம்மனக்குறையில் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஓர் அழுகை மற்றோர் அழுகையை மறுப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை.