பொறியியல் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முறை

வட்டார வளர்ச்சி அலுவலர், பள்ளிப்பட்டு

விதை வாங்கச் செல்லும் விவசாயி கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்து ஏமாறுவதில்லை. சான்று அட்டை உண்டா, முளைப்புத் திறன் எவ்வளவு, நம் மண்ணுக்கு ஏற்றதா என்று விசாரித்த பின்னரே பணத்தை எடுக்கிறார். ஆனால், பிள்ளைகளைப் பொறியியல் கல்லூரியில் சேர்க்கும்போது இந்த எச்சரிக்கை பலரிடம் காணப்படுவதில்லை.

எமது அலுவலகத்திற்கு வந்த விவசாயி ஒருவர், தேர்வு முடிவு வெளிவருமுன்பே தரகர் வாயிலாக ஒரு கல்லூரிக்கு முன்பணம் கட்டியிருந்தார். அதற்காகக் கரும்பு நிலத்தை அடமானம் வைத்தார். அரசுப் பள்ளியில் பயின்ற அவர் மகளுக்கு, பெற்ற மதிப்பெண்ணின்படி, கட்டணமின்றியே கலந்தாய்வில் இடம் கிடைத்திருக்கும் என்பது பிறகே தெரிந்தது. கட்டிய பணமோ திரும்பவில்லை. இத்தகைய இழப்பைத் தவிர்க்கச் சில செய்திகளை அறிந்திருத்தல் அவசியம்.

பட்டம் அளிப்பவர் யார்?

அண்ணா பல்கலைக்கழகம் 1978-இல் நிறுவப்பட்டது. அதன் அங்கமான கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794-இல் தொடங்கிய நில அளவைப் பள்ளியிலிருந்து வளர்ந்ததாகும். மாநிலத்தின் பெரும்பாலான பொறியியல் கல்லூரிகள் இப்பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. அவற்றுள் எதில் படித்தாலும் பட்டம் ஒன்றே. கற்பிக்கும் தரமோ ஒன்றன்று. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தாமே பட்டம் அளிக்கின்றன. மாணவரையும் தாமே சேர்த்துக் கொள்கின்றன. அங்குச் சேர விரும்புவோர் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரத்தையும், நான்காண்டுக்குமான முழுச் செலவையும் முன்னதாக விசாரிக்க வேண்டும்.

கலந்தாய்வு

நுழைவுத் தேர்வு 2007 முதல் இல்லை. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிட்டுத் தரவரிசை வகுக்கப்படுகிறது. மாணவர் தாம் விரும்பும் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசையாகக் குறிக்கிறார். தரவரிசைப்படி அவரது முறை வரும்போது, அவ்வரிசையில் காலியாக உள்ள முதல் இடம் ஒதுக்கப்படுகிறது. ஆகையால் மெய்யான விருப்பத்தையே முதலில் எழுத வேண்டும். ஐந்தாறு கல்லூரிகளோடு நிறுத்திவிடலாகாது. முந்தைய ஆண்டு எந்த மதிப்பெண்ணுக்கு எந்த இடம் கிடைத்தது என்பதைப் பார்த்துப் பலவற்றை எழுதுதல் நலம்.

கல்லூரியின் தரத்தை அறிய, பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள். அப்பாடப்பிரிவுக்குத் தேசிய தர அங்கீகார வாரியத்தின் ஒப்புதல் உண்டா என்று கேளுங்கள். இறுதியாண்டு மாணவர் இருவரிடமாவது நேரில் பேசுங்கள். விளம்பரத் தட்டியைவிட இவை நம்பத்தக்கவை.

கணினிப் பிரிவுக்கு இன்று பெரும் போட்டி இருக்கிறது. அப்பெயருக்காக மட்டும் தரம் குறைந்த கல்லூரியில் பெருந்தொகை செலவிட வேண்டுவதில்லை. அரசுக் கலைக் கல்லூரியில் குறைந்த செலவில் கணினி அறிவியல் பட்டம் பெற்று, பின் இரண்டாண்டு எம்.சி.ஏ. படிப்பதும் நல்வழியே.

எல்லைப் பகுதியினர் கவனத்திற்கு

நம் பகுதி 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எனினும் உறவும் வாணிகமும் இன்றும் எல்லையைத் தாண்டியே நடைபெறுகின்றன. பிள்ளைகளை ஆந்திரப் பள்ளிகளில் படிக்க வைப்போரும் உளர். அவர்கள் ஒன்றை உணர வேண்டும். 8 முதல் 12-ஆம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் படிக்காத தமிழ்நாட்டு மாணவர், கலந்தாய்வுக்குப் பிறப்பிடச் சான்றிதழ் தர வேண்டும். மேலும், 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பள்ளி மாணவருக்குரிய 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பயின்றோருக்குக் கிட்டும். அவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆறாம் வகுப்பில் பள்ளியை மாற்றும்போதே இதனைச் சிந்திக்க வேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை

விண்ணப்பம் பெரும்பாலும் மே மாதத்தில் தொடங்குகிறது. மே முதல் நாள் கிராம சபையிலேயே இச்செய்தியை அறிவிக்கலாம். சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையம் வாயிலாக முன்கூட்டியே பெறுமாறு உறுப்பினர்கள் ஒவ்வொரு வீட்டிற்கும் நினைவூட்டலாம். கணினி இல்லாத மாணவரை அரசின் கலந்தாய்வு உதவி மையத்திற்கு அழைத்துச் செல்லலாம். இதற்குத் தனி நிதி வேண்டியதில்லை. அக்கறை இருந்தால் போதும். கலந்தாய்வு முடியும் வரை எத்தரகருக்கும் ஒரு ரூபாயும் தருவதில்லை என்று நம் ஊர்கள் உறுதி கொள்ளுமாயின், பல குடும்பங்களின் நிலம் அடமானத்திற்குப் போகாமல் காப்பாற்றப்படும்.