நகர மாற்றமும் மக்கள் ஆயத்தமும்

நகரொன்றைப் பெரிதும் மாற்றியமைக்க விழைவோர் முதலில் நிலத்தை அளக்கின்றனர். பின் நீரை அளக்கின்றனர். அதன்பின் செலவைக் கணிக்கின்றனர். அம்மாற்றத்தை ஏற்று வாழவேண்டிய மக்கள் எந்த அளவுக்கு ஆயத்தமாயுள்ளனர் என்பதை அளப்போர் சிலரே. அதனையும் அளத்தல் இயலுமோ என ஐயுறுவார் உளர். இயலும் என்பதையும், அளவாது விட்டவிடத்து விளைவது யாது என்பதையும் நம் நாட்டு நிகழ்ச்சியொன்றைக் கொண்டு விளக்க முயல்வாம்.

ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் 1990களில் இதற்கென ஒரு முறையை வகுத்தனர். அவர் கருத்துப்படி ஒரு சமூகத்தின் ஆயத்தம் 9 படிகளை உடையது. குறையொன்று உண்டென்பதையே அறியாதிருத்தல் முதற்படி. அஃது எமக்குரியதன்று என மறுத்தல் இரண்டாம் படி. மங்கலாக உணர்தல் மூன்றாம் படி. அதன்மேல், திட்டமிட எண்ணல், ஆயத்தஞ் செய்தல், தொடங்கல், நிலைபெறல், விரிதல் எனப் படிகள் உயர்ந்து செல்லும். மக்கள் தாமே அம்முயற்சியைத் தமதாகக் கொண்டு நடத்துதல் ஒன்பதாம் படியாகும்.

ஊரின் பல திறத்தாரையும் தனித்தனியே கண்டு உசாவுதலே இம்முறையின் உயிர்நிலை. குறையைப் பற்றிய அறிவு, நடைபெறும் முயற்சி பற்றிய அறிவு, தலைவர்களின் ஈடுபாடு, ஊராரின் மனப்பான்மை, கைவசமுள்ள வளம் என்பவற்றுக்கு வெவ்வேறாகப் புள்ளியிடுவர். பரீட்சையிற் பாடந்தோறும் புள்ளியிடுதல் போன்றது இது. எப்பகுதியிற் புள்ளி குறைந்ததோ அப்பகுதியையே முதலிற் சீர்செய்தல் வேண்டும்.

இனி நம் நிகழ்ச்சிக்கு வருவோம். வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாடு கிணற்றுநீரால் வாழ்வது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக மழைநீர் இறங்குவது போலவே மலக்குழிக் கழிவும் தோட்டங்களுக்கு இடும் உரமும் நிலத்தடி நீரிற் கலக்கின்றன. பல கிணறுகளில் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற பாதுகாப்பு எல்லையைக் கடந்திருத்தலை ஆய்வுகள் காட்டின. ஆகவே, இரணைமடுக் குளத்து நீரைக் குழாய்வழி கொணரும் திட்டம் எழுந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கி 2010ஆம் ஆண்டில் அதற்குக் கடனுதவ இசைந்தது.

கிளிநொச்சிக் கமக்காரர் அதனை எதிர்த்தனர். காலபோகத்துக்கு மாரிமழை துணையாகும். சிறுபோகமோ குளத்துநீரையே நம்பியது. பல ஆண்டுகளில் வயல்களின் ஒரு பகுதிக்கே அந்நீர் போதுமாயிருந்தது. ஈற்றில் திட்டம் மாற்றப்பட்டது. வடமராட்சி கிழக்கிலே தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்க முடிவாயிற்று. அங்கே தம் தொழிலுக்குக் கேடு நேருமெனக் கடற்றொழிலாளர் அஞ்சினர். நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரவல்ல அந்நிலையம் 2024 ஓகத்து மாதத்திலேயே திறக்கப்பட்டது. தாமதத்துக்குக் காரணங்கள் பல. மக்கள் இசைவைக் காலத்தோடு நாடாமையும் அவற்றுள் ஒன்றென்பது நம் துணிபு.

குடாநாட்டாரை மட்டும் உசாவியிருப்பின், புள்ளிகள் உயர்ந்தே நின்றிருக்கும். நல்ல நீர் வருமென நாமும் மகிழ்ந்தோம். அந்நீர் எவர் வயலிலிருந்து வருமென எண்ணினோமல்லோம். கமக்காரரின் எதிர்ப்பை அறியாமை எனக் கூறினாரும் உண்டு. வறட்சி நேர்ந்தால் முதலில் அடைபடும் வாய்க்கால் எவருடையது என்பதே அவர் வினா. அவ்வினாவுக்கு அவர் நம்பத்தக்க விடை கிடைக்கவில்லை. மறுப்போரிடத்துக் குறைந்திருந்தது அறிவன்று, நம்பிக்கையே.

குடாநாட்டாராகிய நம் ஆயத்தமும் நிறைவானதோ? சொந்தக் கிணற்றுநீருக்குக் காசு கொடுத்தறியாத இல்லத்தார் மாதந்தோறும் கட்டணஞ் செலுத்த இசைவரோ? குழாய்நீர் வந்தபின் கிணற்றைப் பேணுவரோ, குப்பையிட்டுத் தூர்ப்பரோ? இவையும் உசாவி அறியற்பாலன.

நம் பழைய மாணவருட் பொறியியலாளரும் நிருவாகத்தினரும் பலராவர். அவர்க்கு நாம் கூறவிரும்புவது ஒன்றே. ஆயத்தத்தை அளக்கும் இக்கோலை மக்களை வசப்படுத்தும் கருவியாகக் கொள்ளற்க. வரைபடம் முற்றுப்பெறுமுன், இழப்பவர் வாயிலுக்கு முதலிற் சென்று வினவுக. அவர் விடை திட்டத்தை மாற்றவும் இடம்வைக்க. இன்று வகுப்பறையிலுள்ள மாணவரும் தத்தம் ஒழுங்கையில் ஐந்து வீடுகளிற் கிணற்றைப் பற்றி உசாவிப் பார்ப்பாராக. நகரைக் கட்டும் கல்வி அங்கே தொடங்கும்.