மருத்துவப் படிப்பு: சேரும் முன்பும் சேர்ந்த பின்பும் அறிய வேண்டியவை

இந்தியாவில் இளநிலை மருத்துவக் கல்வி என்பது எம்.பி.பி.எஸ். மட்டுமல்ல. பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், ஓமியோபதி, செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம், ஆய்வகத் தொழில்நுட்பம் எனப் பல படிப்புகள் அதில் அடங்கும். எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியும் கொண்டது. சித்த மருத்துவப் பட்டப்படிப்புக்கும் இதே கால அளவுதான். பி.எஸ்சி. நர்சிங்கும் பி.பார்மும் நான்கு ஆண்டுகள். இந்தப் படிப்புகள் எல்லாவற்றிலும் மாணவர் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றே: படித்து வாங்கும் பட்டத்தைப் பதிவு செய்து தொழில் நடத்த முடியுமா என்பதுதான் அது. பதிவு செய்ய முடியாத பட்டத்தால் மருத்துவத் தொழிலில் பயனில்லை.

சேர்க்கைக்கு உள்ள வழி

எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஓமியோபதி ஆகியவற்றுக்கு நீட் தேர்வில் தகுதி பெறுவது கட்டாயம். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங், துணை மருத்துவப் படிப்புகள் ஆகியவற்றுக்கான அரசு ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணின் அடிப்படையில் நிரப்பப்பட்டு வந்துள்ளன. மாநில அரசு மருத்துவக் கல்லூரிகளின் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்கிறது. மீதமுள்ள 85 விழுக்காட்டை மாநிலத் தேர்வுக் குழு 69 விழுக்காடு இடஒதுக்கீட்டைப் பின்பற்றி நிரப்புகிறது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. 2022ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பணமில்லை என்று இந்த இடத்தை எந்தக் குடும்பமும் விட்டுவிட வேண்டியதில்லை.

அங்கீகாரத்தைச் சரிபார்த்தல்

எம்.பி.பி.எஸ். கல்லூரிகளுக்கு அனுமதி தருவது தேசிய மருத்துவ ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இது, 2020 செப்டம்பரில் பழைய இந்திய மருத்துவக் கவுன்சிலின் இடத்துக்கு வந்தது. இந்திய மருத்துவ முறைகளுக்கும் ஓமியோபதிக்கும் தனித்தனி ஆணையங்கள் உள்ளன. மருந்தியலுக்கு இந்திய மருந்தியல் கவுன்சிலின் ஒப்புதலும், செவிலியத்துக்குச் செவிலியர் கவுன்சில்களின் ஒப்புதலும் தேவை. துணை மருத்துவப் படிப்புகளை நெறிப்படுத்த 2021இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

கல்லூரி வாசலில் உள்ள பெயர்ப்பலகையோ விளம்பரமோ அங்கீகாரத்துக்குச் சான்றாகாது. அந்தக் கல்வியாண்டில், அந்தப் படிப்புக்கு, எத்தனை இடங்களுக்கு அனுமதி இருக்கிறது என்பதை உரிய ஆணையத்தின் இணையதளப் பட்டியலில் பார்க்க வேண்டும். எந்தப் பல்கலைக்கழகத்தோடு கல்லூரி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் அந்தப் பல்கலைக்கழகத்திடமே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். “அனுமதி வந்துகொண்டிருக்கிறது” என்ற பதிலுக்கு ‘இன்று அனுமதி இல்லை’ என்பதே பொருள்.

தவறான கல்லூரியில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. 2016 ஜனவரியில் கள்ளக்குறிச்சி அருகே இயற்கை மருத்துவக் கல்லூரி ஒன்றின் மூன்று மாணவிகள் கிணற்றிலிருந்து சடலமாக மீட்கப்பட்டனர். அதற்கு முன்பே அக்கல்லூரி மாணவர்கள் அதிகக் கட்டணத்தையும் அடிப்படை வசதியின்மையையும் எதிர்த்துப் போராடியிருந்தனர். சேர்ந்த பிறகு வெளியே வருவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

இடத்துக்குப் பேரம், கட்டணத்துக்கு மேல் பணம்

நீட் முடிவு வெளியானதும் “மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் வாங்கித் தருகிறோம்” என்ற தொலைபேசி அழைப்புகள் தொடங்கிவிடும். தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் இடங்களும், வெளிநாடு வாழ் இந்தியர் ஒதுக்கீடும் கலந்தாய்வு வழியாகவே நிரப்பப்படுகின்றன. கலந்தாய்வுக்கு வெளியே எம்.பி.பி.எஸ். இடம் வாங்கித் தருவதாக ஒருவர் சொன்னால், அவர் இல்லாத ஒன்றை விற்கிறார். அப்படிப் பணத்தை இழந்தவர்கள் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்துவிட்டுக் காவல் நிலையத்திலும் புகார் தர வேண்டும். எவ்வளவு விரைவில் அழைக்கிறார்களோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு கூடும்.

தமிழ்நாட்டில் நன்கொடை வசூலைத் தடை செய்யும் சட்டம் 1992 முதல் நடைமுறையில் உள்ளது. தனியார் கல்லூரிகளுக்கான கட்டணத்தை ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது. கூடுதல் வசூல் பெரும்பாலும் நடப்பது ஒரே மாதிரிதான். கல்விக் கட்டணத்துக்கு முறையான ரசீது தருவார்கள். “இதர செலவு” என்று கேட்கும் தொகைக்கு ரசீது இருக்காது, அல்லது வெறும் துண்டுச் சீட்டு கிடைக்கும். ஒதுக்கீட்டு ஆணையில் உள்ள கல்லூரி, ஒதுக்கீட்டு வகை, கட்டணம் ஆகிய மூன்றையும் ரசீதோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். பணத்தை வங்கி வழியாக மட்டுமே செலுத்துவதும், கூடுதலாகக் கேட்டால் தேர்வுக் குழுவுக்கும் கட்டணக் குழுவுக்கும் எழுத்துமூலம் புகார் அனுப்புவதும் பாதுகாப்பான வழி.

இடத்தைக் கைவிடுவதற்கும் விதிகள் உண்டு. எந்தச் சுற்றுவரை இழப்பின்றி விலகலாம், எப்போது வைப்புத்தொகை பறிபோகும், படிப்பை நடுவில் நிறுத்தினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பன ஒவ்வோர் ஆண்டும் தகவல் தொகுப்பேட்டில் அச்சிடப்படுகின்றன. விருப்பக் கல்லூரிகளைப் பதிவு செய்யும் முன் அந்தப் பக்கங்களைப் படித்துவிடுவது நல்லது. மாணவரின் அசல் சான்றிதழ்களைப் பிணையாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்துள்ளது. சரிபார்ப்புக்காக ஒப்படைக்க நேர்ந்தால், ஒவ்வொரு சான்றிதழின் பெயரும் எழுதிய ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ராகிங்கும் பாலியல் துன்புறுத்தலும்

1996இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்டார். அதன் பின்னரே 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இதன்படி ராகிங் செய்பவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறையும் பத்தாயிரம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம். புகார் வந்ததும் கல்லூரித் தலைவர் உடனே விசாரித்து, உண்மை எனத் தெரிந்தால் அந்த மாணவரை இடைநீக்கம் செய்து காவல் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். மருத்துவக் கல்லூரிகளுக்கென தேசிய மருத்துவ ஆணையம் 2021இல் தனி விதிமுறைகளும் வகுத்துள்ளது. கல்லூரிக்குள் புகார் சொல்லத் தயங்குபவர்கள் 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு காலத்தை நீட்டிக்கலாம். மன உளைச்சலுக்கு 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் ஆலோசனை பெறலாம்.

ஊசி குத்தினால்; உதவித்தொகை தராவிட்டால்

மருத்துவ, செவிலிய மாணவர்களுக்கு உரிய அபாயம் ஒன்று உண்டு. நோயாளியிடம் ரத்தம் எடுத்த ஊசிக்கு மூடியை மறுபடி மாட்டும்போது அது விரலில் குத்திவிடுவது வார்டுகளில் நடக்கக்கூடிய விபத்து. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகியவை இந்த வழியில் தொற்றலாம். குத்திய இடத்தைப் பிதுக்கக் கூடாது; வாயில் வைக்கவும் கூடாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். உடனே பணியில் உள்ள மருத்துவரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதவைக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. தொடங்கிய மருந்தை 28 நாட்கள் விடாமல் சாப்பிட வேண்டும்.

“திட்டுவார்களோ” என்று மறைக்கும் மாணவர் இந்த மணி நேரங்களைத்தான் இழக்கிறார். பாதுகாப்புக் கருவிகளும் பயிற்சியும் தடுப்பு மருந்தும் தருவது மருத்துவமனையின் சட்டக் கடமை என்று 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. வார்டுக்குள் செல்லும் முன்பே ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் முடித்துவிட வேண்டும்.

ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியில் வேலை செய்யும் பயிற்சி மருத்துவருக்கு உதவித்தொகை உண்டு. 2021ஆம் ஆண்டுப் பயிற்சி விதிமுறைகள் அதை உறுதி செய்கின்றன. தராத கல்லூரி மீது பல்கலைக்கழகத்திடமும் ஆணையத்திடமும் புகார் செய்யலாம்.

வெளிநாட்டில் படிக்கச் செல்பவர்கள்

2021 நவம்பர் 18 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும். பயிற்று மொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். படிப்பையும் 12 மாதப் பயிற்சியையும் ஒரே கல்வி நிறுவனத்தில் முடிக்க வேண்டும். அந்த நாட்டு மக்களுக்கே மருத்துவம் பார்க்கும் உரிமத்தைப் பெறத் தகுதி தரும் பட்டமாகவும் அது இருக்க வேண்டும். செல்லும் முன் நீட் தகுதியும் கட்டாயம். திரும்பிய பின் 300 மதிப்பெண்ணுக்கான தகுதித் தேர்வில் 150 எடுத்து, இந்தியாவில் மேலும் 12 மாதப் பயிற்சி முடித்தால்தான் பதிவு கிடைக்கும். இவற்றில் ஒன்று தவறினாலும் ஆறு ஆண்டு உழைப்பு வீணாகும். எனவே முகவரின் வாய்மொழி உறுதியை நம்பாமல், ஒவ்வொரு நிபந்தனைக்கும் பல்கலைக்கழகத்திடமிருந்தே எழுத்துமூல விடை வாங்க வேண்டும்.

கோப்பு ஒன்று வேண்டும்

ஒதுக்கீட்டு ஆணை, ரசீதுகள், சான்றிதழ் ஒப்புகை, தடுப்பூசி அட்டை, அனுப்பிய புகார்களின் நகல்கள் ஆகிய அனைத்தையும் முதல் நாளிலிருந்தே தேதி வாரியாக ஒரு கோப்பில் சேர்த்து வைக்க வேண்டும். விசாரணை என்று வரும்போது குழுக்களும் நீதிமன்றங்களும் கேட்பது காகிதத்தைத்தான். சட்டம் மாணவர் பக்கம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தேவையான சான்றைச் சேர்த்து வைப்பது மாணவரின் கையிலும் பெற்றோரின் கையிலும் இருக்கிறது.