மருந்துச் சீட்டு

பிணி தீர்க்கும் மருந்துகளுள் சில, அளவு மீறின் அறிவை மயக்கும் இயல்பின. வலிப்பு நோய்க்குத் தரப்பெறும் பினோபார்பிட்டாலும், மனப் பதற்றத்திற்குத் தரப்பெறும் டயசிபாமும் அத்தகையன. நோயாளிக்கு அவை உயிர்த்துணை. மயக்கத்தை விலை கூறுவார்க்கோ அவையே வாணிகப் பொருள். இவ்விரு திறத்தாரையும் காவலர் பிரித்தறிவது எங்ஙனம்?

இந்தியாவில் 1985ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் வழிவந்த விதிகள் இதற்கு எல்லை வகுத்துள்ளன. தம் மருத்துவத் தேவைக்காக ஒருவர் இத்தகைய மாத்திரைகளை ஒரு நேரத்தில் 100 வரை வைத்திருக்கலாம். நெடுநாள் நோயுற்றார்க்கு மருத்துவர் குறிப்பாக எழுதித் தந்திருப்பின், 300 வரை இசைவு உண்டு. நாளொன்றுக்கு இரண்டு உண்பவர்க்கு நூறு மாத்திரைகள் ஐம்பது நாள்களுக்கே போதும். மருத்துவமனைக்கு நெடுந்தொலைவு செல்லும் சிற்றூரார்க்கு இவ்விதிவிலக்கு எத்துணை ஆறுதல் தருவது!

மருந்து முறையாகப் பெறப்பட்டது என்பதற்குச் சீட்டே சான்று. அதில் மருத்துவரின் கையொப்பம், நாள், நோயாளியின் பெயர், முகவரி, மருந்தின் அளவு ஆகியன இருத்தல் வேண்டும். மருந்தட்டையும் ஒரு சான்றே. அதன் இடப்பக்க மேல்மூலையில் 'என்.ஆர்.எக்ஸ்' என்னும் குறி சிவப்பு நிறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். பயணம் செல்வோர் சிலர், சுமை குறையும் எனக் கருதி, மாத்திரைகளைப் பிரித்துச் சிமிழில் இட்டுக்கொள்வர். பெயரிழந்த மாத்திரைக்காகப் பேச யாருளர்?

நாட்டின் எல்லையைக் கடப்பின் விதியும் மாறும். அமெரிக்காவில் மருத்துவர் எழுதித் தரும் ஆம்பெட்டமினை ஜப்பானுக்குள் கொண்டு செல்லுதல், சீட்டு இருப்பினும் குற்றமே.