எழுத்து தேயலாம், புள்ளி தேயலாமா?

கால்பந்துக் குழுவின் டி-சட்டை, காப்பித்தூள் பொட்டலம், திரைப்படச் சுவரொட்டி ஆகியவற்றில் தடித்த, தேய்ந்த எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் விளிம்புகள் சிதைந்திருக்கும். உள்ளே மை ஒட்டாததுபோல் வெள்ளைப் பொட்டுகள் தெரியும்.

இந்தத் தோற்றம் கணினியில் பிறந்ததன்று. 19ஆம் நூற்றாண்டில் பெரிய சுவரொட்டிகளை மர அச்செழுத்துகளால் அச்சடித்தார்கள். பலமுறை அழுத்தியதில் மரம் தேய்ந்தது; மை சீராகப் படியவில்லை. தேயிலைப் பெட்டிகளில் வெட்டுத் தகடு வைத்து மை பூசிய குறிகளிலும் இதே சாயலைக் காணலாம். அன்று குறையாக இருந்தது, இன்று பழமையையும் உழைப்பையும் நினைவூட்டும் அலங்காரமாகிவிட்டது.

தமிழில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஆங்கில எழுத்து சற்றுச் சிதைந்தாலும் படித்துவிடலாம். நமக்கோ புள்ளிதான் உயிர்நாடி. "பல் மருத்துவ முகாம்" பதாகையில் ஒரு புள்ளி மறைந்தால் "பல மருத்துவ முகாம்" ஆகிவிடும். கொம்பின் மேற்சுழி சிதைந்தால் "தேன்" வெறும் "தென்" ஆகும்.

ஆகவே இந்த எழுத்துருவைத் தலைப்பில் இரண்டு மூன்று சொற்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். தேதி, இடம், தொலைபேசி எண் ஆகியவை தெளிந்த எழுத்தில் இருக்கட்டும். இரங்கல் அறிவிப்புக்கு இது வேண்டவே வேண்டாம். அச்சகத்துக்கு அனுப்புமுன் பதாகையின் மாதிரியைப் பத்தடி தள்ளி வைத்து, வீட்டுப் பெரியவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் எழுத்தை மாற்றிவிடுங்கள்.